முஸ்கடே: சிப்பி மேசையில் நின்று கற்றது

அக்காவின் மகனுக்குப் போன கிழமை பாரிசில் ஒரு கடலுணவு உணவகத்தில் பரிமாறும் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து இரவு பன்னிரண்டு மணிக்கு என்னை அழைத்தான். "மாமா, வைன் பட்டியலில் முஸ்கடே மட்டும் ஆறு விதம் இருக்கு. ஒன்று 24 யூரோ, இன்னொன்று 52 யூரோ. மணந்து பார்த்தேன், இரண்டிலும் பெரிசா ஒரு வாசமும் இல்லை. ஆட்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நல்ல கேள்வி. வாசம் தெரியாமல் போனதற்கு அவன் மூக்கு காரணமில்லை. முஸ்கடே என்ற இந்த வெள்ளை வைனின் இயல்பே அதுதான்.

நான் 1991இல் பாரிசுக்கு வந்தவன். மூன்று ஆண்டு பிளோஞ்சில் நின்றேன், அதாவது பாத்திரம் கழுவினேன். அதன் பிறகு உணவகத்தின் வாசலில், பனிக்கட்டி குவித்த சிப்பி மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு ஆண்டு. அங்கே நிற்பவரை எக்காயே என்பார்கள், சிப்பி திறப்பவர். எனக்குத் தொழில் பழக்கியவர் பிரத்தாஞ் கடற்கரையைச் சேர்ந்த ஒரு முதியவர். கத்தி பிடிக்கக் கற்றுத்தந்த அதே வாரத்தில் முஸ்கடே குடிக்கவும் கற்றுத்தந்தார். மருமகனுக்குச் சொன்னதையும், அந்த நேரத்தில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வாய்

முதியவர் செய்த முறையிலேயே தொடங்குங்கள். ஒரு சிப்பியைத் திறந்து வையுங்கள். தேசிக்காய் விட வேண்டாம், மிளகு வேண்டாம். சிப்பியை வாயில் போட்டு இரண்டு தடவையாவது மெல்லுங்கள். பலர் மெல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள்; அப்படிச் செய்தால் உப்பு மட்டும்தான் தெரியும், சிப்பியின் இனிப்பு தெரியாது. விழுங்கிய பிறகு, வாயில் கடல் இன்னும் இருக்கும்போதே, குளிர்ந்த முஸ்கடே ஒரு வாய்.

இப்போது மூக்கை மறந்துவிட்டு வாயைக் கவனியுங்கள். நாக்கின் இரு ஓரமும் ஊறும். எலுமிச்சையின் புளிப்புப் போல ஒன்று, பச்சை ஆப்பிளின் தோலைக் கடித்தது போல ஒன்று, கடைசியில் ஈரக் கல்லை நக்கினது போல மெல்லிய உவர்ப்பு. சிப்பியின் கொழுப்பும் இரும்புச் சுவையும் கழுவப்பட்டு, அடுத்த சிப்பிக்கு வாய் தயாராகிவிடும். ஒரு டசின் சாப்பிட்டாலும் கடைசிச் சிப்பி முதல் சிப்பி போலவே ருசிக்கும். வாசம் அதிகமுள்ள வைனால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதன் பூ மணமும் பழ மணமும் சிப்பிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆகவே முஸ்கடேயை அளக்கும் கோல் வாய்தான். புளிப்பு கூர்மையாக இருக்கிறதா, நடு நாக்கில் கொஞ்சம் சதை இருக்கிறதா, விழுங்கிய பிறகு உவர்ப்பு எத்தனை நேரம் நிற்கிறது: இந்த மூன்றையும் பாருங்கள். 24 யூரோ போத்தலுக்கும் 52 யூரோ போத்தலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கும்.

திராட்சையும் ஊரும்

முஸ்கடே என்பது ஓர் ஊரின் பெயரும் இல்லை, திராட்சையின் பெயரும் இல்லை. வைனின் பெயர் மட்டும்தான். முஸ்கா என்ற இனிப்பு மணத் திராட்சையோடு பலர் இதைக் குழப்புவார்கள், இரண்டுக்கும் உறவில்லை. திராட்சையின் பெயர் மெலோன் து பூர்கோஞ், பூர்கோஞ் நாட்டு மெலோன். அதன் இலை வட்டமாக, வெள்ளரிப்பழக் கொடியின் இலை போல இருப்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வில் இதன் தாய் தந்தை யாரென்று தெரிந்தது: பினோ, கூவே பிளான் என்ற இரண்டு திராட்சை வகைகள். ஷார்தொனேயும் அதே பெற்றோரின் பிள்ளைதான். உலகம் முழுக்கப் பெயர் எடுத்த ஷார்தொனேக்கு, லுவார் ஆற்றின் வாயில் அமைதியாக இருந்துவிட்ட உடன்பிறப்பு இது.

பூர்கோஞ் பிரான்சின் கிழக்கே இருக்கிறது. இந்த வைன் ஊறுவதோ மேற்கே, அத்திலாந்திக் கடலுக்கு அருகில், நாந்த் நகரைச் சுற்றி. திராட்சை இவ்வளவு தூரம் வந்து ஊன்றியதற்கு இரண்டு காரணம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து வணிகர்கள் நாந்த் துறைமுகத்துக்கு வந்து, காய்ச்சி வடித்து பிராந்தி செய்ய வெள்ளை வைனை நிறைய வாங்கினார்கள். அப்புறம் 1709இன் கடுங்குளிர். அந்தக் குளிரில் இந்தப் பகுதியின் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. திரும்ப நட்டபோது குளிரைத் தாங்கும் மெலோன்தான் பரவலாக நடப்பட்டது. அவர்கள் வாசத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை, பிழைத்துக் கிடக்கும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனாலும் உறைபனி இந்தத் தோட்டக்காரர்களை முழுதாக விட்டுவிடவில்லை. ஏப்ரலில் துளிர் விட்ட பிறகு ஓர் இரவு பனி விழுந்தால் போதும். 1991 ஏப்ரலில் அப்படி நடந்தது, 2021 ஏப்ரலில் மறுபடி நடந்தது. 2021 என்று எழுதிய போத்தலை எங்காவது கண்டால், அந்த ஆண்டு மிஞ்சிய கொஞ்சக் குலைகளிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டு திறவுங்கள்.

வண்டலின் மேல் ஒரு மாரிகாலம்

போத்தலின் மேல் நீங்கள் தேட வேண்டிய முதல் சொல் சூர் லி. வண்டலின் மேல் என்று அர்த்தம். முஸ்கடேயைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும், வேலை முடித்த ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் சேறு போலப் படியும். பல இடங்களில் வைனை உடனே வடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். நாந்தில் மாற்ற மாட்டார்கள். மாரிகாலம் முழுவதும் வைன் அந்தப் படிவின் மேலேயே கிடக்கும். செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து வைனுக்குள் இறங்கும். மெலோன் சாறு தானாக மெலிந்த சாறு, நடுவில் வெறுமை இருக்கும். வண்டலிலிருந்து இறங்குவது அந்த வெறுமையை நிரப்பும். குழைத்து வைத்த பாண் மாவின் ருசி லேசாக வரும். படிவு காற்றையும் அண்ட விடாது, ஆகவே வைன் பசுமையாக இருக்கும். நொதிக்கும்போது வந்த வாயு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுவதால், புதிய போத்தலைத் திறந்து ஊற்றினால் நாக்கு நுனியில் ஒரு சின்னக் குத்தல் தெரியும். இதைக் கெட்டுப்போன வைன் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பழுதில்லை, சூர் லி என்பதற்கு அத்தாட்சி.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. அறுவடைக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1க்கு முன்பு போத்தலில் அடைக்கக் கூடாது. நவம்பர் 30க்குள் அடைத்துவிட வேண்டும். வைன் செய்த இடத்திலேயே அடைக்க வேண்டும். தொட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் வண்டல் கலங்கிவிடும் அல்லவா.

இந்தத் தொட்டிகளை ஒருமுறை நேரில் பார்த்தேன். நாந்துக்குத் தெற்கே ஒரு சிறிய தோட்டத்தில் கிட்டங்கிக்குள் கூட்டிப்போனார்கள். உள்ளே பீப்பாய் வரிசை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெறும் சீமெந்துத் தரையும், அதில் வட்ட வட்ட மூடிகளும்தான் இருந்தன. தொட்டிகள் நிலத்துக்கு அடியில்! உள்சுவரில் கண்ணாடி ஓடு பதித்த தொட்டிகள். மண்ணுக்குள் இருப்பதால் மாரியிலும் கோடையிலும் வெப்பம் அதிகம் மாறாது. தோட்டக்காரப் பெண் ஒரு மூடியைத் தூக்கி, நீளக் குழாயால் கொஞ்சம் எடுத்து என் கிளாசில் விட்டார். பெப்ரவரி மாதம். வைன் லேசாகக் கலங்கலாக, பழஞ்சோற்றுத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. ருசியிலும் அந்தப் புளித்த மாவின் நினைவு வந்தது. அம்மா விடியற்காலையில் பழந்தண்ணீர் கரைத்துத் தரும்போது வரும் அதே மணம். அன்றுதான் இந்த வைன் எனக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்வேன்.

இந்தச் சொல்லைக் கவனிக்காமல் நானும் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், அக்கா வீட்டு விருந்துக்கு ஒரு பேரங்காடியில் மிக மலிவான முஸ்கடே நாலு போத்தல் வாங்கிப்போனேன். சூர் லி என்று எழுதியிருக்கவில்லை. எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அத்தான் மட்டும் மரியாதைக்கு ஒரு கிளாசை முடித்தார். புளித்த தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. இன்னும் கொஞ்சக் காசு கூடக் கொடுத்திருந்தால் போதும்.

போத்தலில் இருப்பதை வாசிப்பது

சூர் லி இருக்கிறதா என்று பார்த்த பிறகு, ஊர்ப் பெயரைப் பாருங்கள். முஸ்கடே என்று மட்டும் இருந்தால் அது பொது வகை. முஸ்கடே செவ்ர் எ மேன் என்றிருந்தால் நாந்துக்குத் தென்கிழக்கே, செவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகளின் பக்கம் விளைந்தது. 1936இல் பெயர் உரிமை பெற்ற பகுதி. முஸ்கடேயின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. கோத்தோ த லா லுவார் என்பது லுவார் ஆற்றோடு மேல்நோக்கிப் போனால் வரும் உள்நாட்டுப் பக்கம். கோத் த கிரான்லியே நாந்துக்குத் தென்மேற்கில் உள்ள ஏரியைச் சுற்றி. கடையில் நின்று யோசிக்கிறவருக்கு என் பதில்: செவ்ர் எ மேன் சூர் லி எடுங்கள். கடையில் எட்டு, ஒன்பது யூரோவுக்கு நல்லதாகவே கிடைக்கும். பிரான்சில் இந்தப் பணத்துக்கு இவ்வளவு நேர்மையான வெள்ளை வைன் வேறொன்று நான் காணவில்லை.

மருமகனின் 52 யூரோ போத்தல் வேறு கதை. அதில் கிளிசோன் என்று எழுதியிருக்கிறது. அது ஒரு கிராமத்தின் பெயர். 2011இல் ல பாலே, கோர்ஜ், கிளிசோன் என்ற மூன்று ஊர்கள் தங்கள் பெயரைத் தனியாகப் போத்தலில் போடும் உரிமையைப் பெற்றன. 2019இல் கூலேன், ஷாத்தோ தெபோ, மொனியேர் சென் ஃபியாக்ர், மூஸியோன் தில்லியேர் சேர்ந்தன. இவற்றில் விளைச்சலைக் குறைத்து, வைனை வண்டலின் மேல் ஒன்றரை, இரண்டு ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் கிடக்க விடுகிறார்கள். எட்டு யூரோ வைன் ஒரு மாரிகாலம் கிடந்தது என்றால், இது இரண்டு மூன்று மாரியைக் கண்டது.

முதல் மூன்று ஊர்களும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. நாந்திலிருந்து கிளிசோனுக்குப் போகும் ட்ராம் ரயிலில் ஏறினால் ல பாலே, கோர்ஜ், கிளிசோன் என்று வைன் பட்டியலை வாசிப்பது போல நிறுத்தங்கள் வரும். பாரிசிலிருந்து வேக ரயிலில் நாந்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. காலையில் புறப்பட்டால் இரவு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ல பாலேயில் நாந்துத் திராட்சைத் தோட்டங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு மெய்யியலாளர் அபெலார் பிறந்த ஊரும் அதுதான். கிளிசோனில் இடிந்த கோட்டையும் ஆற்றுப் பாலமும் பார்க்க வேண்டியவை.

மண்ணை நாக்கில் பிடிக்க முடியுமா என்று கேட்பார்கள். கிளிசோனின் அடியில் கருங்கல், கோர்ஜின் அடியில் கப்ரோ, நிலத்தின் ஆழத்தில் தீக்குழம்பு உறைந்து உருவான கரும்பச்சைப் பாறை. கிளிசோன் எனக்கு உருண்டையாக, பழுத்த மஞ்சள் பழம் போலப் படுகிறது. கோர்ஜ் இறுக்கமாக, கொஞ்சம் புகை மணத்தோடு, இளமையில் முகம் கொடுக்காமல் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒருமுறை குடித்துப் பாருங்கள். கல் வைனுக்குள் எப்படி வருகிறது என்பதை விளக்கும் அறிவு எனக்கில்லை, ஆனால் இரண்டு கிளாசும் இரண்டு விதம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்.

குளிர்ச்சியும் கிளாசும்

சாதாரண சூர் லிக்கு 8 முதல் 10 பாகை. குளிர்சாதனப் பெட்டி நாலைந்து பாகையில் இருக்கும், ஆகவே எடுத்துக் கால் மணித்தியாலம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் போத்தலை அவசரமாகக் குளிர வைக்க வேண்டுமென்றால், வாளியில் பனிக்கட்டியோடு தண்ணீரும் விடுங்கள். வெறும் பனிக்கட்டி போத்தலைச் சுற்றிப் பிடிக்காது. இருபது நிமிடம் போதும். கிளிசோன், கோர்ஜ் போன்றவற்றை 12 பாகை வரை விடலாம். அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தால் கொடுத்த காசு நாக்குக்குத் தெரியாது.

கிளாஸ் சிறியதாக, வாய் கொஞ்சம் ஒடுங்கியதாக இருக்கட்டும். கால் பங்கு ஊற்றுங்கள், சூடாகும் முன் முடியும். மிஞ்சினால் மூடிக் குளிரில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். சாராய அளவு 12 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் பாரமில்லை.

சிப்பி

சிப்பியின் இலக்கம் தலைகீழ் கணக்கு: எண் கூடக் கூடச் சிப்பி சிறுக்கும். 3ஆம் இலக்கம் 66 முதல் 85 கிராம் வரை. வீட்டுக்கு அதுதான் சரி. ஒருவருக்கு ஆறு தொடக்கத்துக்கு, ஒரு டசின் சாப்பாட்டுக்கு. மரேன் ஒலெரோனின் சிப்பிகளை உப்பளம் போன்ற ஆழமில்லாத குளங்களில் விட்டுத் தேற்றுவார்கள், மென்மையாக இருக்கும். கான்கால் பக்கத்துச் சிப்பியில் உவர்ப்பும் அயடின் மணமும் ஓங்கி நிற்கும். உவர்ப்புக் கூடின சிப்பிக்கு இளம் சூர் லி, சதை தடித்த சிப்பிக்கு ஒரு ல பாலே.

வாங்கிய சிப்பியைக் கூடையிலேயே, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி, மேலே கொஞ்சம் பாரம் வைத்துக் குளிரான இடத்தில் வையுங்கள். நல்ல தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், செத்துவிடும். திறக்கும்போது இடது கையில் தடித்த துணி. பிணைப்பு பின்னால், உள்ளங்கைப் பக்கம். வலது ஓரத்தில், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் கத்தியை நுழையுங்கள்; அங்கேதான் ஓட்டை இழுத்துப் பிடிக்கும் தசை இருக்கிறது. அதை அறுத்தால் மேல் ஓடு தானாக விடும். பலத்தால் திறக்கப் போகிறவர்கள்தான் கையை வெட்டிக்கொள்கிறார்கள். என் இடது பெருவிரலின் அடியில் 1995ஆம் ஆண்டு நத்தார் இரவின் தழும்பு இன்னும் இருக்கிறது; அதற்குப் பிறகு துணி இல்லாமல் ஒரு சிப்பியும் நான் தொட்டதில்லை.

முதல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். சில நிமிடத்தில் சிப்பி மறுபடி சுரக்கும். அந்த இரண்டாம் தண்ணீர்தான் ருசி. கத்தி நுனியால் ஓரத்தைத் தொட்டால் சுருங்க வேண்டும். சுருங்காததையும், மணம் மாறியதையும் எறிந்துவிடுங்கள்.

பக்கத்தில் ரை மாவுப் பாணும் உப்பு வெண்ணெயும். தேசிக்காய் விரும்பினால் இரண்டு துளி. உணவகங்களில் சின்னக் கிண்ணத்தில் வெங்காயம் போட்ட வினாகிரி வைப்பார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வினாகிரி பட்ட நாக்கில் முஸ்கடே தட்டையாகிவிடும். புளிப்பை வைனே கொண்டுவருகிறது, இன்னொரு புளிப்பு எதற்கு?

வெள்ளை வெண்ணெய்

சிப்பியை விட்டால், இந்த வைனுக்கென்றே பிறந்த இன்னொரு சாப்பாடு பேர் பிளான், வெள்ளை வெண்ணெய்ச் சாறு. லுவார் ஆற்றங்கரையில், சென் ஜூலியன் த கொன்செல் ஊரின் லா ஷெபுவெத் என்ற இடத்தில் உணவகம் நடத்திய கிளெமான்ஸ் லெஃபேவ்ர் என்ற சமையல்காரப் பெண் 1890 அளவில் உருவாக்கியது என்பார்கள். முட்டை சேர்க்கும் ஒரு சாற்றைச் செய்யப் போய், மஞ்சட்கரு போட மறந்ததில் பிறந்தது என்று கதை. ஆற்று மீனோடு பரிமாறினார்கள். கதை எப்படியோ, சாறு இன்றைக்கும் நாந்தின் பெருமை.

செய்யும் முறை இது. மூன்று சின்ன வெங்காயத்தை அரிசிக் குறுணி அளவுக்கு அரியுங்கள். அடி தடித்த சட்டியில் அதோடு ஒரு தேநீர்க் கோப்பையில் பாதி முஸ்கடேயும், மூன்று மேசைக் கரண்டி வெள்ளை வினாகிரியும் விட்டு, சட்டியின் அடியில் ஈரம் மட்டும் மிஞ்சும் வரை வற்றவிடுங்கள். நெருப்பை மிக மெல்லியதாக்குங்கள். 200 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாக, ஒன்று கரைந்த பிறகு அடுத்தது என்று போட்டு அடித்துக்கொண்டே இருங்கள். கொதிக்கக் கூடாது, கொதித்தால் நெய் தனியே பிரிந்துவிடும். பிரியத் தொடங்கினால் உடனே இறக்கி, ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெய் போட்டு வேகமாக அடியுங்கள், பெரும்பாலும் திரும்பச் சேரும். உப்புப் பார்த்து, அவித்த வெள்ளை மீனின் மேல் ஊற்றுங்கள்.

இவ்வளவு வெண்ணெய்க்கு முன்னால் சாதாரண சூர் லி சில வேளை மெலிந்து தெரியும். இங்கேதான் 52 யூரோ போத்தலைச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வயதான கிளிசோனில் புளிப்பு அப்படியே இருக்கும், சதையும் சேர்ந்திருக்கும். மருமகனுக்கு நான் சொன்ன ஒரே விற்பனை ஆலோசனை இதுதான்: மேசையில் சிப்பி மட்டும் என்றால் மலிவானதைக் கொடு, அதுவே சரி. வெண்ணெய்ச் சாறு, பெரிய இறால், வறுத்த தடித்த மீன் என்று வந்தால் ஊர்ப் பெயர் போட்டதைச் சொல். விலைக்காகச் சொல்லாதே, தட்டைப் பார்த்துச் சொல்.

வைனில் அவித்த மட்டி, அதாவது மூல் மரினியேர் பற்றிச் சுருக்கமாக: இரண்டு கிலோ கறுப்பு ஓட்டு மூல், நாலு பேருக்கு. வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, ஒரு கிளாஸ் முஸ்கடே விட்டு, கொதித்ததும் மூலைக் கொட்டி மூடுங்கள். ஐந்து நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். உப்பு போட வேண்டாம். திறக்காததை எறியுங்கள். குடிக்கும் வைனையே சட்டியிலும் விடுங்கள். நெருப்பில் சுட்ட மத்திக்கும் இதே வைன்தான். பாற்கட்டியில், நாந்துப் பக்கத்துக் கியூரே நாந்தே என்ற மணமுள்ள பாற்கட்டி பொருந்தும், ஆட்டுப்பாற்கட்டியும் சரி.

எங்கள் வீட்டு மேசையில்

பாரிசில் எங்கள் ஆட்கள் பலர் உணவகக் குசினிகளில் வேலை செய்கிறார்கள். விடுமுறை நாளில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் போய் மீனும் தேங்காய்ப்பாலும் வாங்கிச் சமைக்கிறோம். அந்தச் சாப்பாட்டோடு முஸ்கடே போகுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பல ஆண்டு சோதித்ததைச் சொல்கிறேன்.

மீன் சொதிக்குப் போகும், மிக நன்றாகப் போகும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வெண்ணெயின் இடத்தில் நிற்கிறது, கடைசியில் விடும் தேசிக்காய்ப் புளி வைனோடு கைகோக்கிறது. பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்து, கீறாமல் முழுதாகப் போடுங்கள். இடியப்பம், சொதி, குளிர்ந்த செவ்ர் எ மேன்: ஞாயிறு மத்தியானத்துக்கு இதைவிட வேறு எனக்கு வேண்டாம். மிளகும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்த கணவாய்க்கும், அவித்த நண்டுக்கும் பொருந்தும்.

வறுத்த தூள் போட்ட நண்டுக் கறிக்குப் போகாது. தூளின் காரமும் கசப்பும் வைனைத் தண்ணீராக்கிவிடும். பழப்புளி விட்டு வற்றவைத்த மீன் குழம்பும் அப்படியே. ஒடியல் கூழில் கடல் முழுக்க இருக்கிறதே என்று ஒருமுறை முயன்றேன். புளியும் மிளகாயும் இரண்டு வாயிலேயே வைனை முடித்துவிட்டன. கூழைக் கூழாகக் குடியுங்கள், போத்தல் அடுத்த நாள் வரை காத்திருக்கும்.

காத்திருக்கும் என்று சொன்னதால் கடைசியாக ஒன்று. முஸ்கடேயை வாங்கிய ஆண்டிலேயே குடித்துவிட வேண்டும் என்பது பழைய பேச்சு. மலிவான போத்தலுக்கு அது சரிதான், இரண்டு ஆண்டுக்குள் குடியுங்கள். ஊர்ப் பெயர் போட்டவை பத்து ஆண்டும் தாங்கும். நான் வேலையை விட்ட அன்று முதியவர் எனக்கு ஒரு போத்தல் தந்தார், பதினான்கு வயதான செவ்ர் எ மேன், அவர் கிட்டங்கியில் மறந்து கிடந்தது. நிறம் வைக்கோல் போல மாறியிருந்தது. தேனும் வறுத்த கொட்டையும் மணத்தன, ஆம், அதில் மணமே வந்திருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு அதே உவர்ப்பு, அசையாமல் நின்றது. மருமகனுக்கு வரும் நத்தாருக்கு இரண்டு கோர்ஜ் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றை அவனோடு சிப்பி திறந்து குடிப்பேன். மற்றதில் 2035 என்று பேனையால் எழுதிவிட்டேன், அது அவனுடைய அலுமாரிக்குப் போகிறது.